ஹல் வேதியியல் துறை மூடல்: சேர்க்கை குறைந்தால் துறையே வேண்டாமா?

பீக்கர்:

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹல் பல்கலைக்கழகம் தன் வேதியியல் துறையை மூடப்போவதாக 2024 இறுதியில் அறிவித்தது. சேர்க்கை குறைந்துவிட்டது, நிதி நெருக்கடி, இவைதான் சொல்லப்பட்ட காரணங்கள். தமிழில் இதை விரிவாகப் பேச வேண்டும் என்றுதான் இந்த இழை.

இதே துறையில்தான் ஜார்ஜ் கிரே வேலை பார்த்தார். 1946-ல் ஹல்லுக்கு வந்து, திரவப் படிகங்கள் (திரவம்போல ஓடினாலும் படிகம்போல ஒழுங்கு உள்ள பொருள்கள்) என்ற, அப்போது அதிகம் பேர் சீண்டாத விஷயத்தில் இறங்கினார். 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் திரவப் படிகத் திரையைச் செய்து காட்டியது. ஆனால் பயன்படும் பொருள்தான் கிடைக்கவில்லை. சிலவற்றைச் சூடாக்கினால்தான் வேலை செய்யும், மற்றவை ஈரக்காற்று பட்டாலே சிதைந்துவிடும். 1973-ல் கிரேயின் குழு சயனோபைஃபீனைல் வகைச் சேர்மங்களை வெளியிட்டது. அதில் 5சிபி என்பது ஏறக்குறைய 24 முதல் 35 டிகிரி வரை, அதாவது சாதாரண அறை வெப்பத்திலேயே, திரவப் படிகமாக நிலையாக நின்றது. மால்வர்னில் இருந்த ராணுவ ஆய்வு மையத்தில் பீட்டர் ரெய்ன்ஸ் இதே குடும்பத்துச் சேர்மங்களைக் கலந்து ஈ7 என்ற கலவையைச் செய்தார். அது உறைநிலைக்குக் கீழிருந்து 60 டிகிரி வரை தாங்கியது. கைக்கடிகாரம், கால்குலேட்டர் எல்லாவற்றிலும் எல்சிடி என்ற திரவப் படிகத் திரை பரவியது அதற்கப்புறம்தான். கிரேக்கு 1995-ல் கியோட்டோ பரிசு கிடைத்தது.

1946-ல் "திரவப் படிகத்துக்கு எத்தனை மாணவர் விண்ணப்பித்தார்கள்" என்று கேட்டிருந்தால் பூஜ்யம் என்றுதான் பதில் வந்திருக்கும். நான் யார்க்‌ஷயரில் ஒரு மருந்து நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருக்கிறேன். வேதியியல் படித்த உள்ளூர் ஆட்கள் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று தினமும் பார்க்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கணக்கன்:

பீக்கர், பழம்பெருமையை மதிக்கிறேன். ஆனால் நான் ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் வேலை செய்கிறேன் (ஹல் அல்ல). அங்கிருந்து பார்த்தால் தெரிவதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரின் கட்டணம் 2012-ல் 9,000 பவுண்டு. 2017-ல் 9,250 ஆனது. அப்புறம் 2025 வரை அசையவே இல்லை, அந்த வருடம்தான் 9,535 ஆனது. இடையில் மின்கட்டணம், சம்பளம், ரசாயனம், எரிவாயு எல்லாம் எங்கோ போய்விட்டன. ஆய்வகப் பாடம் என்பதற்காக அரசு தரும் கூடுதல் மானியம் தலைக்கு 1,500 பவுண்டு அளவில். இரண்டையும் கூட்டினாலும் ஒரு வேதியியல் மாணவருக்கு ஆகும் செலவு வராது. வணிக மேலாண்மை மாணவரும் அதே கட்டணம்தான் கட்டுகிறார், அவருக்கு ஒரு அரங்கமும் ஒரு ப்ரொஜெக்டரும் போதும்.

பெரிய வகுப்பாக இருந்தால் செலவு பரவிவிடும். 120 பேருக்குத் தேவையான ஆய்வகம், பாதுகாப்பு அதிகாரி, டெக்னீஷியன்கள், கருவிகள் எல்லாம் 30 பேருக்கும் தேவை. அங்கேதான் சின்னத் துறைகள் மூழ்குகின்றன. 2025-26-ல் இங்கிலாந்தின் உயர்கல்வி நிறுவனங்களில் 72 சதவீதம் பற்றாக்குறையில் போகக்கூடும் என்று கண்காணிப்பு அமைப்பான ஓஎஃப்எஸ் 2024 நவம்பரில் கணக்குப் போட்டது. இந்த நிலையில் துணைவேந்தர் என்ன செய்வார்? எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

வகுப்பறை:

நான் ஏ லெவல் (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) வேதியியல் ஆசிரியை. "மாணவர்களுக்கு ஆர்வமில்லை" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அது உண்மையே இல்லை. ஏ லெவலில் வேதியியல் எழுதுகிறவர்கள் இப்போது வருடத்துக்கு 60 ஆயிரம் அளவில் இருக்கிறார்கள். நாட்டிலேயே அதிகம் பேர் எடுக்கும் பாடங்களில் அதுவும் ஒன்று. என் வகுப்பு நிரம்பி வழிகிறது.

அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதுதான் கேள்வி. பாதிப் பேர் டாக்டராக, பல் டாக்டராக, பார்மசிஸ்டாக வேண்டும் என்பதற்காக வேதியியல் எடுக்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்களைச் சொல்லவே வேண்டாம், பெற்றோர் சந்திப்பில் "மெடிசின் கிடைக்குமா டீச்சர்" என்பதுதான் முதல் கேள்வி. வேதியியலையே படிக்க விரும்புகிறவர்களில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களைப் பெரிய பல்கலைக்கழகங்கள் அள்ளிக்கொள்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2015 வரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்று உச்சவரம்பு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பெயர் பெற்ற இடங்கள் வகுப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போகின்றன. 2020, 2021-ல் கொரோனா காரணமாகத் தேர்வு இல்லாமல் ஆசிரியர் மதிப்பீட்டில் மதிப்பெண் கொடுத்தபோது மதிப்பெண்கள் ஏறின, இது இன்னும் கூடியது. ஆக ஹல் போன்ற இடங்களில் சேர்க்கை குறைவதற்கும் வேதியியலில் ஆர்வம் குறைவதற்கும் நேரடித் தொடர்பில்லை. மாணவர்கள் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தஞ்சை மைந்தன்:

அக்கா, நகர்ந்தால் நகரட்டுமே? நான் இந்தியாவில் இருந்து படிக்கிறேன், அங்குள்ள நிலவரம் முழுசாகத் தெரியாது. ஆனால் நல்ல கருவிகளும் நல்ல பேராசிரியர்களும் இருக்கும் 20 பெரிய துறைகள், மூச்சுத் திணறும் 50 சின்னத் துறைகளைவிட மேல் இல்லையா? ஆய்வு என்பது இப்போது பெரிய குழு, பெரிய கருவி என்றாகிவிட்டது. மாணவர்கள் தேர்ந்தெடுக்காத இடத்தை வரிப்பணத்தில் ஏன் காப்பாற்ற வேண்டும்?

வகுப்பறை:

தம்பி, "நகர்வது" எல்லோராலும் முடியாது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் வீட்டில் இருந்தபடிதான் பல்கலைக்கழகம் போவார்கள். வாடகை கொடுக்க முடியாது. சிலர் சனி ஞாயிறு சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்கிறார்கள், சிலர் உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பக்கத்து ஊரில் வேதியியல் இல்லையென்றால் லண்டனுக்குப் போய் வேதியியல் படிக்க மாட்டாள். பக்கத்து ஊரில் என்ன இருக்கிறதோ அதைப் படிப்பாள். பணமில்லாதவர்களுக்கு அந்தப் பாடமே கதவடைக்கிறது.

இன்னொன்று, ஆசிரியர்கள். இங்கிலாந்தில் 2023-24-ல் இயற்பியல் ஆசிரியர் பயிற்சிக்கு வைத்த இலக்கில் 17 சதவீதம்தான் நிரம்பியது. ஆசிரியராக வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த ஊர்ப் பக்கம்தான் வேலை தேடுவார்கள். ஒரு வட்டாரத்தில் துறை மூடினால் சில வருடங்களில் அந்த வட்டாரப் பள்ளிகளில் அந்தப் பாடத்துக்கு ஆள் இருக்காது. ஆள் இல்லாத பள்ளியில் இருந்து அந்தப் பாடத்துக்கு மாணவர் எப்படி வருவார்? அப்புறம் மறுபடி "சேர்க்கை குறைவு" என்பார்கள்.

பீக்கர்:

> 20 பெரிய துறைகள், மூச்சுத் திணறும் 50 சின்னத் துறைகளைவிட மேல் இல்லையா?

ஹல் இருக்கும் ஹம்பர் ஆற்றுக் கரையைப் பாருங்கள். ரெக்கிட் நிறுவனம் 1840-ல் ஹல்லில் தொடங்கியது, இன்றும் அங்கே அதன் ஆய்வு மையம் இருக்கிறது. ஸ்மித் அண்ட் நெஃப்யூ 1856-ல் அதே ஊரில் பிறந்தது. ஹல்லை ஒட்டிய சால்ட்எண்டில் அசிட்டிக் அமிலம் தயாரிக்கும் பெரிய ரசாயன வளாகம். வேதியியல் தேவைப்படும் ஊர் என்று ஒன்று இருந்தால் அது ஹல்தான். அந்த ஊரில்தான் துறையை மூடுகிறார்கள். அடுத்து யார்க் போக வேண்டும், 60 கிலோமீட்டர்.

2019-ல் வேல்ஸில் பாங்கர் பல்கலைக்கழகம் வேதியியலை நிறுத்தியபோதும் இதே கதைதான்.

மூத்தவன்:

நான் இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் படத்தை ஏற்கெனவே ஒரு தரம் பார்த்திருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

2001-ல் ஆய்வுத் தர மதிப்பீடு ஒன்று நடந்தது. 5 அல்லது அதற்கு மேல் வாங்கிய துறைகளின் ஆய்வு மானியத்தைக் காப்பாற்றினார்கள், 4 வாங்கிய துறைகளுக்கு வெட்டினார்கள். 4 என்பது மோசமான தரம் அல்ல, நாட்டளவில் நல்ல தரம்தான். 2004-ல் இன்னொரு அடி: ஆய்வகப் பாடங்களுக்குச் சாதாரணப் பாடத்தைப்போல 2 மடங்கு என்று இருந்த கற்பித்தல் மானியத்தை 1.7 மடங்காகக் குறைத்தார்கள். அந்த நேரத்தில் இயற்பியல் ஏ லெவல் எழுதுகிறவர்களும் வருடா வருடம் குறைந்துகொண்டிருந்தார்கள், 2006-ல் சுமார் 27 ஆயிரம்தான். எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழுந்தது.

கிங்ஸ் கல்லூரி லண்டன், ஸ்வான்சி, எக்ஸிட்டர் என்று வரிசையாக வேதியியல் போனது. நியூகாசிலில் இயற்பியல் பட்டம் போனது. எக்ஸிட்டர் அறிவித்தது 2004 நவம்பரில். நோபல் வாங்கிய ஹாரி க்ரோட்டோ, எக்ஸிட்டர் தனக்குக் கொடுத்த கௌரவப் பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். 2006-ல் க்ரோட்டோ வேலை பார்த்த சசெக்ஸிலேயே வேதியியலை நிறுத்தும் திட்டம் வந்தது. சி60 என்கிற கால்பந்து வடிவ கார்பன் மூலக்கூறுக்காக அவருக்கு 1996-ல் நோபல் கிடைத்தது. அதற்கு முன் 1975-ல் நோபல் வாங்கிய கார்ன்ஃபோர்த்தும் அங்கே இருந்தவர். அப்படிப்பட்ட துறைக்கே அந்த நிலை. மாணவர்கள் கிளம்பினார்கள், நாடாளுமன்றத்தின் அறிவியல் குழு விசாரித்தது, கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. துறை இன்றும் இருக்கிறது. அதே 2006 நவம்பரில் ரெடிங் பல்கலைக்கழகம் இயற்பியலை மூட முடிவெடுத்தது, 2010-ல் மூடியேவிட்டது.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அன்று ஹெஃப்கி என்ற நிதிக் குழு இருந்தது. கல்வி அமைச்சர் சார்லஸ் கிளார்க் 2004-ல், நாட்டுக்கு அவசியமான பாடங்கள் எவை, அவற்றை எப்படிக் காப்பது என்று அவர்களிடம் ஆலோசனை கேட்டார். 2006-ல் வேதியியல், இயற்பியல் போன்ற செலவு கூடிய பாடங்களுக்கு 7.5 கோடி பவுண்டு கூடுதலாக ஒதுக்கினார்கள். 2018-ல் ஹெஃப்கியைக் கலைத்துவிட்டு ஓஎஃப்எஸ் கொண்டுவந்தார்கள். அது முக்கியமாக மாணவரை வாடிக்கையாளராகப் பார்த்துக் கண்காணிக்கும் அமைப்பு. எந்த வட்டாரத்தில் எந்தப் பாடம் இருக்க வேண்டும் என்று கேட்பது இன்று யாருடைய வேலையும் இல்லை. எனக்குக் கவலை அதுதான்.

கணக்கன்:

மூத்தவன் ஐயா, விவரத்துக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னவற்றில் கிங்ஸ் 2012-ல் வேதியியலைத் திரும்பக் கொண்டுவந்தது. ஸ்வான்சியும் கொண்டுவந்தது. நியூகாசிலில் இயற்பியல் திரும்ப வந்தது. 1999-ல் மூடிய லங்காஸ்டர் வேதியியலும் 2013 வாக்கில் திரும்ப வந்தது. தேவை குறைந்தபோது மூடினார்கள், கூடியபோது திறந்தார்கள். இதில் என்ன பிழை?

பீக்கர்:

நீங்கள் சொன்ன அதே பட்டியல்தான் என் வாதமும். கிங்ஸ் ஒன்பது வருடம் போல, மற்றவை பத்து, பன்னிரண்டு, பதினான்கு வருடம். மூட ஒரு செனட் கூட்டம் போதும். இடைப்பட்ட காலத்தில் அந்த ஊரில் பதினெட்டு வயதானவர்கள் யாரும் காத்திருக்கப் போவதில்லை. விண்ணப்ப எண்ணிக்கை மூன்று நான்கு வருடத்தில் ஏறி இறங்கும். ஒரு துறையைக் கட்டப் பத்து வருடம் வேண்டும். முன்னதை வைத்துப் பின்னதை முடிவு செய்வதுதான் பிழை.

அதோடு, திரும்பத் திறந்தவர்களிடம் புதுக் கட்டடம் கட்டப் பணம் இருந்தது. இன்று பற்றாக்குறையில் ஓடும் இடத்தில் யார் திறப்பார்கள்?

ஹீலியம்:

மூடுவது எப்படி நடக்கும் என்று உள்ளே இருந்து பார்த்தவன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், சக ஊழியர்கள் இன்னும் வழக்கில் இருக்கிறார்கள்.

அறிவிப்பு வந்த மறுவாரமே நல்ல விரிவுரையாளர்கள் வேறு இடம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆராய்ச்சி மானியத்தோடு போவார்கள், அவர்களோடு முனைவர் பட்ட மாணவர்களும் போவார்கள். மிச்சம் இருப்பவர்கள் மேல் பாடம் எடுக்கும் பாரம் ஏறும். இரண்டு வருடத்தில் முடிய வேண்டிய வேலை ஆறே மாதத்தில் தானாகவே பாதி முடிந்துவிடும்.

எனக்கு மனசு ஆறாதது என்எம்ஆர் கருவி, மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவுவது. அதன் காந்தம் மின்தடையே இல்லாத மீக்கடத்தியில் செய்தது, எப்போதும் திரவ ஹீலியத்தில் மூழ்கி இருக்க வேண்டும். ஹீலியத்தைச் சுற்றி ஒரு உறையில் திரவ நைட்ரஜன், அதை வாராவாரம் நிரப்ப வேண்டும். எங்கள் டெக்னீஷியன் பொங்கல், கிறிஸ்துமஸ் எதுவும் பார்க்காமல் வந்து நிரப்புவார். ஒரு தடவைகூட ஊற்றாமல் விட்டுவிட முடியாது. ஹீலியம் குறைந்து காந்தம் தன் நிலையை இழந்தால், உள்ளே இருக்கும் திரவமெல்லாம் சில நிமிடத்தில் ஆவியாகக் கொட்டிவிடும். ஆகவே மூடும்போது முதலில் காந்தத்தின் மின்னோட்டத்தை மெதுவாக இறக்குகிறார்கள். பொறியாளர் வந்து கம்பியைச் சொருகி, மணிக்கணக்கில் இறக்கினார். பல வருடம் நிற்காமல் ஓடிய மின்னோட்டம். அதற்கப்புறம் அது வெறும் எஃகுப் பானை. விற்கப் பார்த்தோம், பிரித்து ஏற்றிப்போகும் செலவே வாங்குகிறவருக்குக் கட்டுப்படியாகவில்லை.

கண்ணாடி ஊதும் தொழிலாளி ஒருவர் இருந்தார். நாம் தாளில் கிறுக்கிக் கொடுத்தால் வெற்றிடக் குழாய் இணைப்பைச் சுடரில் சுழற்றிச் சுழற்றிச் செய்து தருவார். அந்தக் கைத்தொழில் தெரிந்தவர்கள் இப்போது அபூர்வம். அவருக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தார்கள். அவரிடம் பழக ஒரு பையனைச் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்டு வந்தோம். கிடைக்கவே இல்லை. கணக்கன் சார், "தேவை கூடினால் திறப்போம்" என்றால் இவரை எந்தப் பட்ஜெட்டில் கொண்டுவருவீர்கள்?

கணக்கன்:

அந்தக் கேள்விக்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பல்கலைக்கழகம் தனியாக அந்தச் சுமையைச் சுமக்க முடியாது என்பதில் மாற்றமில்லை. நாட்டுக்குத் தேவை என்றால் நாடு கொடுக்கட்டும். 1,500 பவுண்டு மானியத்தை இரண்டு மடங்காக்கினால் நானே பல துறைகளைக் காப்பாற்றிக் காட்டுவேன்.

மூத்தவன்:

அப்படியென்றால் நாம் ஒரே பக்கம்தான் நிற்கிறோம். துணைவேந்தரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. யார் வந்தாலும் அந்தக் கணக்கில் அதே விடைதான் வரும்.

கோவென்ட்ரி மாணவி:

நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இங்கே முதுகலைக்கு வந்தேன். பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். இத்தனை நாளாக ஆய்வகப் பாடங்களின் பற்றாக்குறையை நிரப்பியது எங்களைப்போன்ற வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம். உள்நாட்டு மாணவரைவிட இரண்டு மடங்குக்குக் குறையாமல் கட்டுகிறோம். ஆனால் எங்கள் கூட்டத்தில் அதிகம் பேர் சேருவது வணிகத்துக்கும் டேட்டா சயின்ஸுக்கும். கடன் வாங்கி வந்திருக்கிறோம், சீக்கிரம் வேலை வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து பெரும்பாலான முதுகலை மாணவர்கள் கணவன் மனைவி பிள்ளைகளை அழைத்துவர முடியாது என்று விதி மாற்றினார்கள், அதோடு விண்ணப்பம் விழுந்தது. விசா விதி ஒன்று மாறியதில் எங்கோ ஒரு வேதியியல் துறை ஆட்டம் காண்கிறது. என் சீனியர் அண்ணன் கடன் வாங்கிக் கட்டிய கட்டணத்தை நம்பி ஒரு நாடு தன் அறிவியலை நடத்துவது சரியில்லை.

தஞ்சை மைந்தன்:

இந்தக் கோணம் எனக்குப் புதிது. வீட்டில் இருந்து படிக்கும் மாணவர்களைப் பற்றி அக்கா சொன்னதும் யோசிக்க வைத்தது. எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் இருந்ததால்தான் என் அக்கா இயற்பியல் படித்தாள், திருச்சிக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஆய்வைக் குவிப்பது நல்லது என்றே நினைக்கிறேன். ஆய்வு பெரிய இடங்களில் இருக்கட்டும், பட்டப்படிப்பு எல்லா வட்டாரத்திலும் இருக்கட்டும். இரண்டையும் பிரிக்க முடியாதா?

ஹீலியம்:

முழுக்கப் பிரிக்க முடியாது தம்பி. கடைசி ஆண்டு மாணவர் செய்யும் புராஜெக்டுக்கு ஆய்வு நடக்கும் இடம் வேண்டும். ஆனால் கருவிகளைப் பகிரலாம். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் ஒரு என்எம்ஆரைச் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் இயற்பியல் துறைகள் சேர்ந்து 2005 வாக்கில் சுபா என்ற கூட்டமைப்பை ஆரம்பித்தன, முனைவர் பட்ட வகுப்புகளைக் காணொளியில் சேர்ந்து நடத்துகிறார்கள். மூடுவதற்கு முன் இப்படி எதையாவது முயற்சி செய்தீர்களா என்று கேட்க ஆள் வேண்டும்.

இரண்டாமாண்டு:

இழை முழுக்கப் படித்தேன். நான் மூடப்போகும் ஒரு வேதியியல் துறையில் படித்துக்கொண்டிருக்கிறேன், பெயர் வேண்டாம். "நீங்கள் முடிக்கும்வரை நடத்துவோம்" என்கிறார்கள். அம்மா அப்பா யாழ்ப்பாணத்தில், அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

ஹீலியம்:

முதலில், உன் பட்டம் செல்லும். அதில் பயம் வேண்டாம், வீட்டிலும் அதைச் சொல். இங்கிலாந்தில் பதிவு பெற்ற ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாணவர் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். இணையதளத்திலேயே இருக்கும், இறக்கி வாசி.

அப்புறம் துறைத் தலைவருக்கு மின்னஞ்சலில் கேள். நேரில் பேசினால் பதில் காற்றோடு போய்விடும். ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அங்கீகாரம் நீ முடிக்கும் ஆண்டு வரை இருக்குமா? கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு யார் வழிகாட்டி, அவர் போய்விட்டால் மாற்று யார்? ஆய்வக நேரம் குறையுமா? எந்தக் கருவி எப்போது நிறுத்தப்படும்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்கு.

வகுப்பறை:

கண்ணா, இதையும் சேர்த்துக்கொள். உனக்குப் பாடம் எடுத்த, உன்னை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் இப்போதே பரிந்துரைக் கடிதத்துக்குச் சொல்லிவை. அவருடைய தனிப்பட்ட மின்னஞ்சலையும் வாங்கிக்கொள், பல்கலைக்கழக முகவரி வேலை போனதும் அடைந்துவிடும். வேறு இடத்துக்கு மாற நினைத்தால் இரண்டாமாண்டு மதிப்பெண்ணை அவர்கள் ஏற்பார்களா என்று இந்தப் பருவத்துக்குள் கேட்டுவிடு, கோடையில் கேட்டால் யாரும் இருக்க மாட்டார்கள். விசாவில் இருக்கிறாய் என்றால் மாறுவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கட்டாயம் பேசு.

பீக்கர்:

தம்பி, கோடை விடுமுறைக்கு ஆய்வக வேலை தேடுகிறாய் என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு. எங்கள் இடத்தில் வருடா வருடம் இரண்டு பேரை எடுக்கிறோம், விண்ணப்பம் ஜனவரியில் திறக்கும். எச்பிஎல்சி (கலவையில் இருப்பவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டிய அனுபவம் இருந்தால் அதை மேலே எழுது.